கவுன்சிலரின் கேள்வி நேரம்

மாதம் ஒருமுறை மக்கள் முன் நின்று பதில் சொல்வேன் என்று தேர்தலில் வாய்விட்டுவிட்டார் கவுன்சிலர். முதல் கூட்டம் நெருங்க நெருங்க யார் என்ன கேட்பார்களோ என்ற பயம் வந்துவிட்டது. அதனால் முன்வரிசை முழுக்கச் சொந்தக்காரர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு இனிப்பான கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதலில் அவருடைய அக்கா எழுந்தார். "இவ்வளவு உழைக்க உங்களுக்கு எங்கிருந்து தெம்பு வருகிறது?" என்று கேட்க வேண்டும். மைக் கைக்கு வந்ததும் அது மறந்தே போனது.

"ஏன்டா தம்பி, எங்க தெரு விளக்கு எப்போடா எரியும்? நேத்து சாக்கடையில விழுந்து எந்திரிச்சேன்."

"அக்கா, அத வீட்டுல பேசிக்கலாமே," என்று பல்லைக் கடித்தார் கவுன்சிலர்.

"வீட்டுக்கு வந்தா நீ தூங்குறேன்னு சொல்லி அனுப்புறாங்க. இங்கதான் கையில சிக்கியிருக்க."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. தப்பிக்க வழி தெரியாமல், "அக்கா முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கண்டுக்கல. தப்புதான்," என்று உண்மையைச் சொல்லிவிட்டார். படபடவென்று கைதட்டல். பதவிக்கு வந்தபின் யாரும் சொல்லிவைக்காமல் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

மறுநாள் மின் ஊழியர் கம்பத்தில் ஏற, கவுன்சிலர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அடுத்த மாசம் சாக்கடைக்கு மூடி," என்றார்.