நாலாயிரத்து எண்பத்தொன்பதாம் ரசீது

கேரள எல்லையில், வேலந்தாவளம் மாட்டுச்சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி, பால் சட்டிக்கு மேலே ஒரு கொக்கிக் கம்பி தொங்கவிட்டிருக்கிறார். தேர்தல் வந்தால் நன்கொடை ரசீதுகள் அதில் ஏறும். பக்கெட் ஏந்தி வசூலுக்கு வருகிற எவரும் முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, அந்தக் கம்பியைத்தான். "அவிங்களுக்கு இருநூறு, நமக்கு நூறுங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். ஆகவே மூன்று வேட்பாளர்களுக்கும் ஆளுக்கு இருநூறு. ஈஸ்வரமூர்த்தியின் நடுநிலை அந்தக் கொக்கியில்தான் தொங்கியது.

இந்தச் சட்டசபைத் தேர்தலில் நடுநிலை போதவில்லை. கடை இருப்பது புறம்போக்கில். அங்கே எம்.எல்.ஏ. நிதியில் வெயிட்டிங் ஷெட் வரும் என்று பேச்சு. வெயிட்டிங் ஷெட் என்பது, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மழைக்கு ஒதுங்க மூன்றடியும், கட்டித் தந்தவர் பெயரை எழுத ஆறடியும் உள்ள கட்டடம். புதிதாக ஜெயிக்கிறவர் மனம் வைத்தால் அது பத்தடி தள்ளிப் போகும். வைக்காவிட்டால் பதினெட்டு வருஷக் கடை போய்விடும். கிடேரி விற்ற பதினோராயிரம் ஈஸ்வரமூர்த்தி கையில் இருந்தது. அதை யாரிடம் கொடுத்து மனம் வைக்கச் சொல்வது என்பதுதான் கேள்வி.

விடை கம்பியிலேயே கிடைத்தது. ஒரே நாளில் வந்த மூன்று ரசீதுகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். வக்கீலின் ரசீது எண் 64. எல்லாரும் மாஷ் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருடையது 2112. அரிசி மில் முதலாளியுடையது 4089.

"பாத்தீங்களா?" என்றார், டீ குடித்துக்கொண்டிருந்த மாட்டுத் தரகர் பொங்கியண்ணனிடம். "வக்கீலுக்கு அறுவத்திநாலு பேரு. மாஷுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். மில்லுக்காரருக்கு நாலாயிரத்தி எம்பத்தொம்பது பேரு காசு குடுத்திருக்கறாங்க. காசு குடுக்கறவன் ஓட்டுப் போடாம உடுவானுங்களா?"

"ஏனப்பா, மில்லு வெச்சிருக்கறவனுக்கு நாலாயிரம் பேரு எதுக்குக் காசு குடுக்கறான்?"

"அதுதானுங்க செல்வாக்குங்கறது."

மூன்று நாள் கழித்து, பக்கத்து உரக்கடைக்கு அன்று வந்த ரசீதுகளைப் போய்ப் பார்த்தார். வக்கீல் 171. மாஷ் 2160. மில் முதலாளி 4131. ஈஸ்வரமூர்த்தி உள்ளங்கையில் எழுதிவந்து காட்டினார்.

பொங்கியண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ளே, மாடு வாங்க வாரவன், இதுவரைக்கும் மொத்தம் எத்தன லிட்டர் கறந்துதுன்னா கேக்கறான்? இன்னைக்கு எத்தன கறக்குதுன்னுதானே கேக்கறான்? மூணு நாள்ல வக்கீலு நூத்தியேழு ஏறியிருக்கறான். உன்ற மில்லுக்காரன் நாப்பத்திரெண்டுதான்."

"அண்ணா, அது மாட்டுக் கணக்கு. இது அரசியல்."

பொங்கியண்ணன் டீக்காசை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டில் மனைவி மருதாத்தாள் ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, காசக் குடுக்கறப்ப ஷெட்டத் தள்ளிக் கட்டச் சொல்லிருவீங்கல்லொ?"

"பெரிய மனுசங்ககிட்ட அப்படிப் பட்டுனு கேக்கப்படாது. குடுக்கோணும். அவிங்களே புரிஞ்சுக்குவாங்க."

மறுநாள் மில் முதலாளி மாலையும் கழுத்துமாகச் சந்தைக்குள் வந்தபோது, ஈஸ்வரமூர்த்தி பதினோராயிரத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைத்துக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். பத்துக் கோடிச் சொத்தை வேட்புமனுவில் காட்டிய மனிதர் ஒரு டீக்கடைக்காரர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைக் கண்டு இரண்டு பெண்கள் அழுதார்கள். மாடுகள் சும்மா நின்றன.

விளைவு அடுத்த சந்தையில் தெரிந்தது. கடன் டீ கொடுக்காத ஈஸ்வரமூர்த்தியே பதினோராயிரம் தள்ளுகிறார் என்றால் உள்ளே விஷயம் இருக்கிறது என்று சந்தை முடிவு செய்தது. மில்லுக்காரர் பக்கெட்டுக்குக் கூட்டம் நெருக்கியது.

கடை தப்பிவிட்ட நம்பிக்கையில், ஈஸ்வரமூர்த்தி புதுப் பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கக் கொல்லங்கோட்டுக்குப் போனார். அச்சகம் ஜோமோளுடையது. அவள் மேசையில் மூன்று வேட்பாளர்களின் ரசீதுப் புத்தகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"மூணு பேருக்கும் நீதான் அடிக்கறயா?"

"அதே சேட்டா. நம்பர் போடுற மெஷின் பழசு. பின்னால திரும்பாது. முதல்ல வக்கீல் ஆளுங்க வந்தாங்க, ஒண்ணுல தொடங்கி ரெண்டாயிரம். அடுத்து மாஷ், அங்கேருந்து நாலாயிரம் வரைக்கும். மில்காரர் கடைசியா வந்தார், நாலாயிரத்தொண்ணு."

"அப்ப, அந்த நாலாயிரத்தி எம்பத்தொம்பது..."

"எம்பத்தொம்பதாவது ரசீது. ஏன் சேட்டா, வேர்க்குது? ஃபேன் போடட்டா?"

மூவரில் யார் கடைசியாக அச்சகத்துக்குப் போனார் என்பதைத்தான் ஒரு வாரமாகக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று ஈஸ்வரமூர்த்திக்கு விளங்கியது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு சமாதானமும் தேறியது. கணக்குத் தவறினாலும் கூட்டம் இப்போது மில்லுக்காரர் பக்கம்தான். ஜெயித்தாலும் ஜெயிப்பார். நன்றி மறக்கிற மனிதராகத் தெரியவில்லை.

மறக்கவில்லை. அன்று சாயங்காலமே சந்தை முக்கில் பொதுக்கூட்டம். மில் முதலாளி மைக்கைப் பிடித்தார். "இந்தத் தொகுதியில எனக்குக் கெடச்ச வசூல்லயே பெரிய தொகை எதுங்க? ஒரு ஏழை டீக்கடைக்காரர் குடுத்த பதினோராயிரம்! அந்த ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு நான் ஒரு வாக்குத் தாரேன். நான் ஜெயிச்சா மொத வேல, வேலந்தாவளத்துக்கு வெயிட்டிங் ஷெட். வேற எங்கயும் இல்ல. அண்ணன் கடை இருக்கற அந்தப் புண்ணிய எடத்துலயே! கல்லுல அண்ணன் பேரையும் வெட்டறோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொங்கியண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். "மாப்ளே, பெரிய மனுசங்க புரிஞ்சுக்கிட்டாங்க."

மருதாத்தாள் கடைக்குள் போய், டீத்தூள் டப்பாவின் அடியிலிருந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து வந்து கணவன் சட்டைப் பையில் வைத்தாள். "வக்கீல் ஆளுங்க செக்போஸ்ட்டுகிட்ட நிக்கறாங்களாம். இந்தத் தடவ குடுக்கறப்ப வாயத் தொறந்து கேளுங்க."

பக்கெட் ஆட்களைக் கண்டால் கடைக்குப் பின்னால் ஒதுங்குகிற ஊரில், அன்று ஒருவர் பக்கெட்டைத் தேடி வேர்க்க விறுவிறுக்க ஓடினார். "ஏனுங்க, ஷெட்டப் பத்தடி தள்ளிக் கட்டோணும்" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுத் தாளைப் பக்கெட்டில் போட்டார். வசூல்காரர் வக்கீலிடம் சொல்வதாகத் தலையாட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"பேரு என்னன்னு எழுதட்டுங்க?"

"ரசீதெல்லாம் வேண்டாங்க. நம்பரு மட்டும் சொல்லுங்க."

"ஐநூத்திப் பதினொண்ணுங்க."

"நேத்து இந்நேரம்?"

வசூல்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "முந்நூத்தித் தொண்ணூறுங்க."

ஈஸ்வரமூர்த்தி வாழ்க்கையில் முதல்முறையாகக் கழித்துப் பார்த்தார்.