அக்காவைச் சாதாரணமாக்குவது எப்படி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, என் பல். கீழ்வரிசையில் சில பற்களைப் பிடுங்கிவிட்டு, கட்டுப்பல்லுக்கு அளவெடுக்க வாய் நிறைய ரோஸ் நிற மாவை அப்பி, "அசையாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவர் கைபேசியோடு வெளியே போனார். பின்னறையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கட்டுப்பல் செய்பவர். ஐம்பதை நெருங்கும் வயது, முழங்கைவரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை. அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. என் மிச்சப் பற்களின் நிறத்துக்கு எது பொருந்தும் என்று மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்துப் பார்த்தபடி கேட்டார்:

"நீங்க கதை எழுதறவராமே? என் தம்பி படம் வரையறவன். உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டணும்."

வாய் திறந்திருந்தும் பதில் பேச முடியாத நிலை எழுத்தாளனுக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும். வேறு வழியில்லாமல் ஒரு மனுஷி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டேன். அளவு சரியாக வரவில்லை என்று மருத்துவர் திரும்பத் திரும்ப வரச் சொன்னதால் கதை முழுதாகக் கிடைத்தது.*

* பல் இன்னும் ஆடுகிறது. அது அளவெடுத்தவர் கோளாறு, செய்தவர் கோளாறு அல்ல. கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோபத்தில் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. அதில் வாழ்ந்தவளுக்கும்—"

நிறுத்தினேன். அதில் வாழ்ந்தவளுக்கும் என்ன கிடையாது? கதவா? மனுஷிக்கு எதற்குக் கதவு? இப்படி எழுதித்தான் என்னைப் போன்றவர்கள் பரிசு வாங்குகிறோம்.

இரண்டாம் தொடக்கம்: "நடுத்தெருவில் ஒரு சோபா. சோபாவில் ஒரு பெண். காற்றில் அலையும் அவள் கூந்தல்—"

கூந்தலாம். அக்காவுக்கு இருப்பது காதோடு வெட்டிய முடி. பெண் என்று எழுதிவிட்டால் போதும், செக்குமாடு மாதிரி கை தானாகக் கூந்தலுக்குப் போய்விடுகிறது.

மூன்றாம் தொடக்கம்: "ஓவியருக்கு ஓர் அக்கா இருந்தார்."

உண்மை. உண்மை என்பதாலேயே சப்பென்று இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஓவியருக்கு ஓர் அக்கா இருந்தார். ஓவியர் பெரிய ஆள். அவர் படங்கள் வங்கிகளின் வரவேற்பறையில் தொங்குகின்றன, காலண்டராக அச்சாகின்றன. எல்லாவற்றிலும் இருப்பது அக்காதான். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: கண்ணால் காணாததை வரைய மாட்டார். கற்பனை என்பது சோம்பேறிகளின் தொழில் என்று மேடைதோறும் சொல்வார். எனவே அக்கா ஏதாவது செய்ய வேண்டும். இவர் பார்க்க வேண்டும். பிறகு வரைய வேண்டும். பார்ப்பார். கேட்க மாட்டார். ஏன் என்று கேட்டால் காட்சி கெட்டுவிடுமாம்.

அக்கா நடுத்தெருவில் சோபாவைப் போட்டு வாய் பிளந்து தூங்கிய படத்தின் பெயர் "வெளி". ஜன்னல் திட்டில் பல்வரிசைகளை அடுக்கி அவற்றையே உற்றுப் பார்க்கும் படம் "சிரிப்பின் எச்சம்". அப்பா செத்த பிறகு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது "தந்தையை அணிதல்". வாசலில் கதவே இல்லாமல் வெறும் நிலைச்சட்டத்தில் சாய்ந்து நிற்பது "கதவற்றவள்". புருஷன் வீட்டிலிருந்து கையில் குக்கரோடு நடந்து வருவது "புறப்பாடு". அவரைப் பெரிய ஆளாக்கியது அந்தக் குக்கர்தான்.

இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். எந்தப் புத்தகம் வந்தாலும், எந்தக் கண்காட்சி திறந்தாலும் அவர் முன்னுரை இல்லாமல் இருக்காது. அதனால் முன்னுரையார் என்றே அவரை அழைப்போம். "வீடு என்ற கருத்தையே வீதிக்கு இழுத்து வந்த பெண்" என்று அக்காவைப் பற்றி எழுதியவர் அவர்தான். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா?

4

என் வாயில் மாவு இறுகிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னது:

"சோபா பூரா மூட்டைப்பூச்சிங்க. வெயில்ல போட்டேன். வேலை முடிஞ்சு வந்த அசதி, அதுலயே தூங்கிட்டேன். பல்லு நிறத்தை பல்பு வெளிச்சத்துல பார்த்தா தப்பாப் போகும், அதான் ஜன்னல்ல வைக்கிறேன். பல்லை ராவித் தேய்க்கறப்ப வர்ற தூள் துணியில ஒட்டினா போகாது. அப்பா சட்டை ஒரு குவியல் சும்மா கிடந்துச்சு, எடுத்து மாட்டிக்கிட்டேன். கதவு மழையில ஊதிப்போச்சு. சரி பண்றேன்னு தச்சர் கழட்டிட்டுப் போனாரு, போனவர் போனவர்தான்."

குக்கர்? புருவத்தைத் தூக்கிக் கேட்டேன்.

"அவன் அடிச்சான். வந்துட்டேன். குக்கர் என்னோடது."

இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அடுத்த மாதிரிப் பல்லை எடுத்து என் உதட்டருகே பிடித்தார். தம்பி இத்தனை வருடத்தில் ஒருநாளாவது "ஏன்க்கா வந்துட்டே?" என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் தூரிகையை எடுத்தார். பேனைப் பெருமாளாக்குவார்கள் என்பார்கள். இவர் மூட்டைப்பூச்சியை மோட்சமாக்கியவர்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற ஒரு பெண், பொய்களின் காட்டில் ஒற்றை மரமாக—

[வெட்டு. மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.]

5

இப்போது சிக்கல். அக்கா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். மாப்பிள்ளை லிப்ட் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர். கட்டுப்பல் வைத்துக்கொள்ள வந்தவர், வைத்த பிறகும் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மகள் சம்மதிக்காமல் எதுவும் செய்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மகளின் கடைச் சுவரிலோ "வெளி" காலண்டர்.

"அப்பா, இவங்க கொஞ்சம் ஒரு மாதிரியா?" என்று கேட்டாளாம் மகள்.

அக்கா நேரில் போய் மூட்டைப்பூச்சிக் கதையைச் சொன்னார். மகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஒரு மாதிரியா இருக்கறவங்க எல்லாருமே காரணம் வச்சிருப்பாங்க ஆன்ட்டி. உங்க தம்பி சொல்லட்டும், நம்புறேன்" என்றாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு அம்மா இருந்து இல்லாமல் போயிருக்கிறாள்.

அக்கா தம்பியின் ஓவியக் கூடத்துக்குப் போனார். நான் அங்கே இல்லை; அக்கா சொன்னதிலிருந்து கட்டுகிறேன். ஓவியர் சட்டத்தில் கித்தானை இழுத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார். இன்னும் சில நாட்களில் கண்காட்சி.

"டேய், திறப்பு விழாவுல மைக் குடுப்பாங்கல்ல? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. எங்கக்கா சாதாரண ஆளு, மூட்டைப்பூச்சிக்காகத்தான் சோபாவை வெளிய போட்டாங்கன்னு. அந்தப் பொண்ணு வந்திருக்கும்."

ஓவியர் வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துச் சட்டத்தில் அடித்தார். அவருக்கு அக்கா மேல் பாசம் இல்லாமல் இல்லை. அம்மா வேலைக்குப் போன வீட்டில் அவரைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்கா. ஆனால் மூட்டைப்பூச்சி! வங்கிச் சுவர்கள், பதக்கம், பேட்டிகள், எல்லாவற்றின் மேலும் அது ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்த்தார். முதல் முறையாக ஒரு கற்பனை.

"அக்கா, அப்படிச் சொன்னா என் இத்தனை வருஷ உழைப்பு என்னாகும்?"

"தூங்கினது நான்டா. உனக்கு எங்கேருந்து உழைப்பு?"

"நீ சாதாரணம் இல்லக்கா. உனக்கே தெரியல."

"எனக்கு ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கணும், அவரோட உக்காந்து டிவி பாக்கணும். இதுக்குப் பேரு என்ன?"

"நீயா இப்படிப் பேசறே?" என்றார் ஓவியர், ஏமாந்துபோன குரலில். கடையில் வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்ததும் வேலை செய்யவில்லை என்றால் நமக்கு வருமே, அந்தக் குரல்.

"சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்றேன்."

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஓவியர் சொல்கிறார். மகள் அழுகிறாள். எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள். [இதை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல்.]

(ஆ) ஓவியர் சொல்லவில்லை. அக்கா குக்கரை எடுத்துக்கொண்டு— [அடச்சே. அந்தக் குக்கரை விடவே மாட்டேன் போலிருக்கிறது.]

(இ) அக்கா மேடையேறி எல்லாப் படங்களையும் கிழிக்கிறார். [படிக்கிற உங்களுக்கு இதுதான் பிடித்திருக்கும். மறுக்காதீர்கள். அவர் ஒரு படத்தைக் கிழித்தால் போதும், நீங்கள் கைதட்டுவீர்கள். மகள் நிரந்தரமாக எழுந்து போய்விடுவாள்.]

இந்த மூன்றும் நடக்கவில்லை. நடந்ததை அங்கேயே நின்று பார்த்தேன். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

7

கூடம் நிரம்பி வழிந்தது. படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இஸ்திரி போட்ட புதுப் புடவையில், தலையை வாரி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓரமாக நின்றார். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சுவர் முழுக்க அவர்தான். லிப்ட்காரர் பக்கத்தில் நின்றார், மகள் அவருக்கு அடுத்து.

ஓவியர் மைக்கைப் பிடித்தார். நான் அவரைக் கோழை என்று எழுதத் தயாராக இருந்தேன். ஆனால் மனிதர் சொல்லிவிட்டார்.

"எங்க அக்கா சாதாரணமானவங்க. சோபாவை வெளிய போட்டது மூட்டைப்பூச்சிக்காக. வேற ஒண்ணும் இல்ல."

கூடமே வெடித்துச் சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த முன்னுரையார் எழுந்து நின்று கைதட்டினார். "தன் கலையையே நக்கலடிக்கும் துணிச்சல்! இதுதான் இவரது உச்சம்!" என்று கத்தினார். கைதட்டல் நிற்கவில்லை.

ஓவியர் மைக்கின் முன்னால் வாய் திறந்தபடி நின்றார். "இல்ல, நிஜமாத்தான்" என்று இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். உதடு அசைந்ததைப் பார்த்தேன். கைதட்டல் அவர் முகத்தின் மேல் வெதுவெதுப்பாக விழுந்துகொண்டிருந்தது. அந்த முகம் மெல்ல மெல்ல இளகியது. தலையைச் சாய்த்து, கையைக் கூப்பி, சபைக்கு வணக்கம் சொன்னார்.

பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குக் கும்பிடு போட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார்.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார். மகள் குழம்பிப்போய் சுற்றிலும் பார்த்தவள், சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் என்று என்னிடம் வந்தாள். நான் சிரிக்காததற்குக் காரணம் பல் ஆடியது.

"சார், உங்களுக்கு அவங்களைத் தெரியுமா? அவங்க எப்படி?"

"நல்லவங்கம்மா, சாதாரணமானவங்க" என்று சொல்லியிருக்கலாம். மூன்று நொடி ஆகியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கதையா எழுதறேன். படிச்சுப் பாருங்க."

அவள் தலையாட்டினாள். "சரி சார். படிச்சுட்டு அப்பாகிட்ட சொல்றேன்."

8

ஆக, நீங்கள் படிப்பது கதை அல்ல, சாட்சி. இதற்காகத்தான் ஒரு கல்யாணம் காத்துக்கிடக்கிறது. முதல் பிரதியில் அக்காவை உள்ளபடி எழுதினேன்: காலையில் எழுகிறார், பல் செய்கிறார், வீட்டுக்கு வந்து சமைக்கிறார், சீக்கிரம் தூங்குகிறார். பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் வேறு யார், முன்னுரையார்தான். போனில் கூப்பிட்டார்.

"ஓய், கதையில ஆளே இல்லையே! கொஞ்சம் கிறுக்கு சேர்த்து எழுதும்."

சேர்க்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். மேலே திரும்பிப் படித்துப் பாருங்கள். சோபாவை வெட்டவில்லை. குக்கரை வெட்டவில்லை. "காலையில் எழுகிறார், பல் செய்கிறார்" என்ற பகுதியைத்தான் வெட்டினேன். அது அச்சேறுவது ஒரே வரியாக, அதுவும் இப்போதுதான். முன்னுரையாருக்கு இந்தப் பிரதி மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த இதழில் வருகிறது. ஓவியருக்கும் எனக்கும் உள்ள ஒரே வித்தியாசம், எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது.

மகள் இதைப் படிப்பாள். படித்துவிட்டுப் பழையபடியே குழம்புவாள். அக்கா சொன்னால் காரணம் சொல்கிறார் என்பாள். தம்பி சொன்னது நக்கலாகிவிட்டது. நான் சொன்னது இலக்கியமாகிவிட்டது. யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும் அவளுக்கு. கடையில் பத்திரிகையைப் பிரித்து வைத்திருப்பாள். நீங்கள் கண்ணாடி மாற்றப் போவீர்கள். காதுக்குப் பின்னால் பிரேமைச் சரிசெய்தபடி, "இந்தக் கதை படிச்சீங்களா சார்? படிச்சீங்களா மேடம்? அந்தம்மா எப்படி?" என்று கேட்பாள். அன்று சாயங்காலமே அப்பாவிடம் பதில் சொல்லிவிடுவாள்.

ஒரு வரி போதும். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், சுவாரசியமாகச் சொல்லிவிடாதீர்கள்.