மெக்கானிக்கின் உடம்பில் நாலு வீடு

லிஃப்ட் மெக்கானிக் வாங்கிய முதல் வீட்டில் குடிவந்தவர்கள் கடிகாரம் மாட்ட ஆணியடித்த அன்று, ஊரின் மறுகோடியில் ஒரு லிஃப்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த அவருடைய இடது தோளில் ரத்தம் வந்தது. சட்டையில் கிழிசல் இல்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். இரண்டாவது வீடு முழங்காலில் இறங்கியது. அங்கே குழாய் ஒழுகினால் இவருக்குப் பேன்ட் நனையும். மூன்றாவது காதில். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஏற்கெனவே விளக்கு எரிகிறது, குடியிருப்பவர்களிடம் கரண்டை வீணாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நாலு வீட்டு வாடகை வந்தால் முடி நரைக்கும் முன்பே வேலையை விட்டுவிடலாம் என்பது கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்தது. இவருக்குப் பகல் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி ஷிஃப்ட். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டு கிளம்புவார். இப்படியே வருஷங்கள் போய், இன்னும் ஒரே ஒரு வீடு பாக்கி என்று வந்தபோதுதான் பயம் பிடித்தது. அது எங்கே இறங்கும்? கண்ணில் இறங்கினால்? நெஞ்சில் இறங்கி, வருகிறவர்கள் அலமாரி வைக்கச் சுவரைக் குடைந்தால்?

"விட்டுடுங்க, மூணு போதும். இன்னும் பத்து வருஷம் நான் ஷிஃப்ட்டை இழுத்துடுவேன்" என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் இருந்ததும் வாடகை வீடுதான், கண்ணுகளா. வீட்டுக்காரர் ஒரு பழைய தையல்காரர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடப்பார். வாதம் என்று நினைத்திருந்தார்கள். மெக்கானிக் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், மனிதர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் வரிசையாக ஓட்டைகள்.

"இது உங்க காலண்டர். இது ரெண்டும் உங்க வீட்டம்மா துணிக்கொடி கட்டினது."

"வலிக்கலையா ஐயா?"

"வலிக்கும். ஆனா நீங்க வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனீங்க பாருங்க, அந்த வாரம்தான் தம்பி எனக்குத் தூக்கமே இல்ல. இடுப்பு ஜில்லுனு கிடந்துச்சு."

அன்று சாயங்காலமே பெண்டாட்டி தங்கள் வீட்டுச் சுவரிலிருந்த அந்த ஆணிகளுக்கு எண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல ஆட்டிப் பிடுங்கினாள். மறுநாள் தையல்காரர் நிமிர்ந்து நடந்ததைத் தெருவே பார்த்தது.

அந்தத் தைரியத்தில் நான்காவது வீட்டை வாங்கினார்கள். அது நெஞ்சில்தான் இறங்கியது. ஆள் வராமல் காலியாகக் கிடந்த நாட்களில் அவருக்கு உதடு நீலமானது. அவள் வெந்நீர்ப் பையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பஸ் டிரைவரின் குடும்பம் நடை பழகும் குழந்தையோடு குடிவந்தது, உதடும் சிவந்தது. இருவரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டார்கள்.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் அவள் அவர் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருப்பாள்.

"என்ன பண்றாங்க?" என்று கேட்பார்.

"குழந்தை இப்பதான் கண்ணசந்துச்சு. மெல்லப் பேசுங்க."

அவர்கள் இருக்கும் அந்த வாடகை வீட்டுக்கு யார் போனாலும் மெல்லத்தான் பேசுவார்கள்.