ரோசம்மாளின் கடிதம்

கோட்டாற்றில் ஒரு பள்ளியில் கிளார்க்காக இருந்த சகாயசெல்விக்கு கிட்டத்தட்ட எல்லா நாளும் மெயில் வரும். இலங்கை, மலேசியா, பர்மா என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதுவார்கள். தாத்தா பெயர் இது, ஊர் கன்னியாகுமரிப் பக்கம் ஏதோ கடற்கரை, வேறொன்றும் தெரியாது என்பார்கள். வேர் தேடுகிறவர்களுக்கென்று இண்டர்நெட்டில் இருந்த ஒரு குழுவில் 2007இல் அவள் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஏதாவது ஒரு பங்குக் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுவாள். கிடைத்ததைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள்.

ஏன் செய்கிறாள் என்று கேட்டால் பொழுதுபோக்கு என்பாள். உண்மை வேறு. அவளுடைய அண்ணன் யோவான் 1985இல் கப்பல் வேலைக்குப் போனவன். சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் போட்டான், அதோடு சரி. அம்மா அந்தோணியம்மாள் காத்திருந்து காத்திருந்து கண்ணை மூடினாள். எங்கேயாவது அவனுக்குப் பிள்ளைகள் இருந்தால், ஒருநாள் அவர்களும் இப்படித் தேடி எழுதுவார்கள் என்று செல்வி நம்பினாள்.

2010இல் பிலிப்பைன்ஸிலிருந்து கிரேசி என்ற பெண் எழுதினாள். இருபத்திரண்டு வயது. அப்பா யோவான், தாத்தா சூசை, கன்னியாகுமரி மாவட்டம். கப்பலில் வந்து செபு நகரத்தில் தங்கிவிட்டவர். இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். சொந்த ஊரைப் பற்றி வாயே திறந்ததில்லை.

செல்வியின் அப்பாவும் சூசைதான்.

கிரேசி அனுப்பிய அப்பாவின் படத்தில் பாதி முகம் தாடிக்குள் இருந்தது. நெற்றி அண்ணனுடையது போலவே தெரிந்தது. செல்வி அன்றைக்கே பதில் எழுதினாள். பத்து நாளில் இருவரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் கடற்கரையில் அப்பாவின் தங்கையை மாமி என்போம் என்று செல்வி சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் ‘மாமி’ என்று தட்டுத்தடுமாறி அழைத்தபோது, செல்வி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதாள்.

பிறகு கிரேசி ஒரு கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினாள். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்ததாம். தமிழ் அவளுக்குத் தெரியாது, படித்துச் சொல்லச் சொன்னாள்.

மேலே ஊர்ப் பெயர் ஈரம்பட்டுக் கலைந்திருந்தது. வருடம் 1987. ‘ஜெபதாசுக்கு வருற தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. நீ வராம நான் எப்பிடி பந்தல்ல நிப்பேன் மக்கா. ஒருக்கா வந்துட்டுப் போ’ என்று எழுதியிருந்தது. கீழே, இப்படிக்கு அம்மா ரோசம்மாள்.

செல்வியின் அம்மா அந்தோணியம்மாள்.

மூன்று நாள் அவள் பதில் எழுதவில்லை. கடிதத்தைப் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அம்மா பெயரை மாற்றிச் சொன்னால் கேட்பார் கிடையாது. பள்ளியில் அட்டெண்டன்ஸ் எழுதும்போதும் மாமி என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அந்தோணியம்மாளைப் போலவே காத்திருந்தவள். அவளுடைய பிள்ளையை எடுத்துக்கொள்ள செல்விக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை அவள் பஸ் ஏறி ஒவ்வொரு கடற்கரைக் கோயிலாகப் போனாள். 1988 தை மாதத்துத் திருமணப் பதிவுகளில், சூசை-ரோசம்மாள் மகன் ஜெபதாஸ் என்ற பெயரைத் தேடினாள். குளச்சலுக்கு மேற்கே, நான்காவது கோயிலில் கிடைத்தது.

அன்று மாலை கிரேசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள்.  கிரேசி, “அப்படியென்றால் நான் உங்களை எப்படிக் கூப்பிடுவது?” என்று கேட்டாள்.

செல்வி ஜெபதாசின் முகவரியை அனுப்பிவைத்தாள்.

அடுத்த வருடம் கிரேசி வந்தாள். ஜெபதாஸ் வீட்டில் ஊரே கூடியிருந்தது. ரோசம்மாள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் கல்லறையில் கிரேசி மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெண்கள் மாறிமாறி அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். செல்வி வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தபோது ஜெபதாஸ் பக்கத்தில் வந்தார்.

“ஒங்க அண்ணன் எந்தக் கப்பல்ல போனாரு, தங்கச்சி?”

பல வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. செல்வி மறுபடி உட்கார்ந்தாள். கப்பலின் பெயர், போன மாதம், அவன் தாடையிலிருந்த வெட்டுத் தழும்பு எல்லாம் சொன்னாள். ஜெபதாசின் மகள் கிரேசிக்கு அதை இங்கிலீஷில் சொல்ல, கிரேசி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

இப்போது கிரேசி அங்கே கப்பல்காரர்கள் தங்கும் விடுதிகளிலும் துறைமுகக் கோயில்களிலும் செல்வியின் அண்ணன் யோவானைக் கேட்டு அலைகிறாள். மாதம் ஒரு மெயில் வரும். செபுவில் இல்லை, மாமி. மணிலாவில் இல்லை, மாமி. டவாவோ துறைமுகத்தில் ஒரு பாதிரியார் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.