முதல் சிலிண்டர்ல காத்து

எங்க ஷெட்டுல அன்னிக்கு நின்ன வேனுக்கு எங்க கல்யாணத்தை விட வயசு அதிகம். ரொட்டி கொண்டுபோற வேன். அதோட சொந்தக்காரருக்கு நாங்க வெச்ச பேரு 'அவசரம்'. ஹெட் கேஸ்கட் போயி, எஞ்சினைப் பிரிச்சு, மாத்தி, திரும்பப் பூட்டியாச்சு. வண்டி எடுக்க வந்தவரு ஸ்டூல்ல உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. வண்டிதான் கிளம்புற வழியாக் காணோம்.

சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் நல்லாத்தான் சுத்துது. பெட்ரோல் வருது. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா பொறி பளிச்சுன்னு அடிக்குது. ஆனா கார்புரேட்டர் வழியா 'பட்'டுனு ஒரு சத்தம், அதோட சரி. என் வீட்டுக்காரரு காயிலை மாத்தினாரு, பிளக்கையெல்லாம் துடைச்சாரு, வேற பேட்டரி போட்டுப் பார்த்தாரு. ஊஹூம்.

"மாப்ளே, நல்லா ஓடின வண்டியைத்தானே கொடுத்தேன்?"ன்னாரு அவசரம்.

"நல்லா ஓடின வண்டியை எதுக்குண்ணே இங்க கொண்டுவந்தீங்க?"ன்னு நான் வாயை விட்டேன். எனக்குக் கோபம் மூக்கு மேலதான் இருக்கும். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவரு போனதும் கேட்டேன். "என்னங்க, பொறி அடிக்கிற டைமிங் சரியா வெச்சீங்களா?"

"என்னையே கேக்குறியா? விரல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

எஞ்சின் முன்னாடி இருக்குற புல்லிச் சக்கரத்துல ஒரு கோடு இருக்கும். அது நேரா வர்ற ஒவ்வொரு தடவையும் முதல் சிலிண்டர்ல காத்து அமுங்கும்னு இல்லை. ஒண்ணு விட்டு ஒரு தடவைதான் அமுங்கும். பொறி அப்போதான் அடிக்கணும். அது எந்தத் தடவைன்னு கண்ணுக்குத் தெரியாது. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு எஞ்சினைச் சுத்தினா, காத்து விரலைத் தள்ளும். அதைக் கவனிக்காம, பொறியைப் பிரிச்சுக் கொடுக்குற டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டா இப்படித்தான் 'பட்'டுனு அடிச்சிட்டு நின்னுடும். தொழிலுக்குப் புதுசா வந்தவங்க பண்ற தப்பு. இவரு பண்றவரே இல்லை.

"என் திருப்திக்கு இன்னொரு தடவை பாருங்களேன்."

முணுமுணுத்துக்கிட்டே பிளக்கைக் கழட்டி விரலை வெச்சாரு. நான் குனிஞ்சு புல்லியில ஸ்பேனரைப் போட்டுச் சுத்தினேன். பக்கத்துப் பட்டறையில கிரைண்டர் காதைப் பிளந்துக்கிட்டிருந்துச்சு. அவரு விரல் இடுக்கு வழியா காத்து பீறிட்டு வந்து என் கன்னத்துல அடிச்சுது.

"சுத்து, சுத்து. இன்னும் வரலை"ன்னாரு.

நான் சுத்துறதை நிறுத்தினேன்.

"வந்துடுச்சுங்க."

"எங்க வந்துச்சு?"

"என் கன்னத்துல அடிச்சுதுங்க."

அவரு விரலை எடுத்துப் பார்த்தாரு. ஓரத்துல கொப்புளம் உடைஞ்ச தழும்பு. போன வாரம் சைலன்சர்ல சுட்டது. "தோல் கெட்டி, தெரியலை"ன்னு அப்போ சிரிச்சாரு. நானும் நம்பித் தொலைச்சேன்.

"எப்போலேருந்து?"

"சர்க்கரை ஏறினதுலேருந்து. முதல்ல சுண்டுவிரல். இப்போ ரெண்டு கையும் மரத்துப்போச்சு." விரலைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னாரு: "நட்டு முறுக்கும்போதெல்லாம் கண்ணை வெச்சு ஓட்டிக்கிட்டேன். இதுக்குக் கண்ணு உதவலை."

ஏன் மறைச்சீங்க, டாக்டர்கிட்ட போனா என்ன குறைஞ்சிடும்னு திட்டத்தான் வாயைத் திறந்தேன். இந்தக் கையை நம்பித்தான் ஜனங்க வண்டி விடுறாங்க. இந்த மனுஷன் தன்னை ஒரு ஆளா நினைச்சுக்கிட்டிருக்கிறதும் இந்தக் கையாலதான்.

"நகருங்க"ன்னேன். நான் விரல் வெச்சேன், அவரு சுத்தினாரு. காத்து தள்ளுச்சு, கோடு நேரா வந்துச்சு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, உள்ளே இருக்குற ரோட்டரை அரைச் சுத்து திருப்பிப் போட்டோம். சாவி போட்டதும் எஞ்சின் கிளம்பிடுச்சு.

சத்தம் கேட்டு அவசரம் ஓடி வந்து என் வீட்டுக்காரரு தோள்ல தட்டினாரு. "மாப்ளே, உங்க கைராசி யாருக்கு வரும்!"

இவரு தலையை மட்டும் ஆட்டினாரு. வேன் தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் பக்கத்துல போய் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவரு திரும்பிக்கூடப் பார்க்கலை. என் மேல கோபம்னு நினைச்சேன்.

வேன் மறைஞ்சதும் உள்ளே போகத் திரும்பினவரு குனிஞ்சு கையைப் பார்த்தாரு.

"எப்போ பிடிச்சே?"ன்னாரு.