ஆடியில் முடிந்த இன்சூரன்ஸ்

என் கல்யாணத்துக்கு என் காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். டிரைவர் கிடைக்காமல் இல்லை. என் வண்டியை இன்னொருவன் தொட்டால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். பின்சீட்டில் என் பக்கத்துச் சொந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நாதசுரக்காரர்கள் டிக்கியில் இருந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது.

தூத்துக்குடி ஊருக்குள் நுழைந்ததும் எஸ்.ஐ. செல்வமுருகேசன் கை காட்டினார். கல்யாண வாழ்த்துச் சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் கேட்டார்.

“இல்ல சார். ஆடி மாசம்லா முடிஞ்சிச்சு.”

ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. இன்சூரன்ஸ் நல்ல காரியமா, இல்லையா? ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் எடுப்பதாக இருந்தேன். அதே முகூர்த்தத்தில் கல்யாணமும் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மேளத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எஸ்.ஐ. கோபத்தில் சிவந்தார். சிவந்து சிவந்து சிக்னல் விளக்கானார். சாலையில் எல்லா வண்டியும் நின்றது. பச்சையாகும்வரை மரியாதையாகக் காத்திருந்தோம்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைக் கோர்ட்டுக்குக்கூட ஓட்டக் கூடாதாம். அதனால் கோர்ட்டின் வராந்தா சாலைவரை நீண்டு வந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. நல்ல வழவழப்பான வராந்தா.

நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எனக்கு மூன்று மாதச் சிறை என்றார். பிரம்மசக்தியைக் கட்டிக்கொள்ள அவள் அப்பாவோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த முகூர்த்தம் தப்பினால் பெண் கிடையாது என்று அந்த மனுஷர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஜாமீன் கேட்டேன். சொந்தக்காரர் யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றார் நீதிபதியம்மா. மொத்தச் சொந்தமும் கை தூக்கியது. ஆனால் அவர்கள் எல்லாரும் அந்த வண்டியில் ஏறியவர்கள், கூட்டுக் குற்றவாளிகள். தூக்கிய கைகளில் அப்படியே விலங்கு மாட்டினார்கள். பெரியம்மாவுக்கு அது வளையலோடு எடுப்பாக இருந்தது.

“வண்டியில ஏறாத சொந்தம் ஒண்ணுகூட இல்லியா?”

இல்லை என்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

அப்போது வராந்தாவின் மறுமுனை நீண்டுபோய் கல்யாண மண்டபத்துக்குள் திறந்தது. சாம்பார் வாசனை வந்தது. பின்னாலேயே பிரம்மசக்தி மாலையும் கழுத்துமாக வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். என்னை ஒரு முறை முறைத்தாள்.

“நான் இந்த வண்டியில ஏறுனதே இல்ல. நான் பொறுப்பு” என்றாள்.

“நீ இன்னும் சொந்தம் இல்லியேம்மா.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

நீதிபதியம்மா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இன்றைய பக்கத்தில் நல்ல நேரம் இருந்தது. டிக்கியிலிருந்து கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டினேன். மூன்றாம் முடிச்சை என் அக்கா விலங்கோடு போட்டாள். குற்றவாளிகள் அட்சதை தூவினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

“இவரால யாருக்காவது சேதம் வந்தா?” என்று கேட்டார் நீதிபதியம்மா.

“நான் பாத்துக்கிடுதேன்.”

“ஒரு வருசத்துக்கா?”

“வருசா வருசம் இங்க வந்து நிக்க எனக்கு நேரமில்ல, மேடம். மொத்தமா எழுதிக்கிடுங்க.”

விலங்குகளை அவிழ்த்தார்கள். வண்டியை மட்டும் ஓட்டக் கூடாது என்றார் நீதிபதியம்மா. தூக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லையாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் தோள் கொடுத்தார். எஸ்.ஐ. பின்பக்கம் பிடித்தார். மாமனாரும் வந்து சேர்ந்துகொண்டார். மேளம் முன்னே போக, எங்கள் இருவரையும் காரோடு தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.

பழக்கதோஷத்தில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

“கையை எடுங்க. ஓட்டுத மாதிரி தெரியும்” என்றாள் பிரம்மசக்தி.

எடுத்தேன். எடுத்த கையை அவளிடம் கொடுத்தேன்.