பச்சைத்தண்ணி துவைத்த சட்டை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரைப் பச்சைத்தண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் பட்ட துணியோடு யார் உள்ளே வந்தாலும், வந்தவர் வாயைத் திறக்கும் முன்னே “பச்சைத்தண்ணி!” என்று ஒரு கத்து கத்துவார். வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்துபோகும், வெந்த ரத்தம் நூலோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்தக் கோர்ட்டாலும் பிரித்துவைக்க முடியாது என்பது அவர் கட்சி.

அவர் வெளுத்த விரிப்பைப் பார்த்த பெரிய டாக்டர் ஒருவர், ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்று குழம்பிப்போய், நோயாளியை மறுபடியும் மேஜையில் ஏற்றச் சொன்னார். இதைச் சொன்னது அந்த நோயாளியேதான். அவர் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். வீட்டில் கொசுக்கள்கூடப் பச்சைத்தண்ணியின் போர்வையில் உட்கார யோசிக்கும். அடிபட்டுச் செத்தால் செத்ததற்கு ஒரு தடயம்கூட மிஞ்சாதே என்ற கவலை அவற்றுக்கு.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு அவர் கைக்குத் தீனி குறைந்துபோனது. மருமகள் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால், விரலைப் பார்க்கும் முன் அவள் உடுத்தியிருக்கும் துணியைப் பார்ப்பார்.

“மாமாவுக்கு என் மேல பாசந்தான்” என்பாள் அவள். “என் துணி மேல இன்னும் கொஞ்சம் அதிகம்.”

மகன் டப்பா மூடி அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றான். தகடு உள்ளே போகும், மெஷின் மேலிருந்து இறங்கும், வட்டமாக மூடி விழும். கைக்கும் மெஷினுக்கும் நடுவே இருக்க வேண்டிய கம்பித் தடுப்பை, வேலை வேகமாக ஆகட்டும் என்று மேஸ்திரி கழற்றிவைத்திருந்தார். ஒரு மத்தியானம் மெஷின் மூடியோடு சேர்த்து மகனின் வலது கையில் இரண்டு விரல்களையும், சட்டையின் கைப்பகுதியில் ஒரு வட்டத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த மருமகள் அதை வாளியில் போட்டுவிட்டு, அடுப்பிலிருந்த குண்டானை இறக்கினாள்.

“என்னம்மா அது?”

“வெந்நி, மாமா. அவரு சட்டைய ஊறப் போடலாம்னு.”

“வெந்நியா! இந்த வீட்டுல இருந்துகிட்டு வெந்நியா!”

“நாத்தம் குடலைப் பிடுங்குது மாமா.”

“ரத்தமும் முட்டையும் ஒண்ணும்மா. சூடு காட்டினா இறுகிரும். அப்புறம் கடவுளே இறங்கி வந்து கசக்கினாலும் போகாது. தள்ளு, தள்ளு.”

மகனுக்கு ஆக வேண்டியதை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். அழுவதற்கு மருமகள் இருந்தாள். பச்சைத்தண்ணிக்கென்று மிச்சமிருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான். முழங்காலை மடக்கிக் குழாயடியில் உட்கார்ந்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கறையின் முதுகில் தண்ணீரைத் திறந்துவிட்டார். ரத்தத்தை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும், முன்னால் நின்று தேய்த்தால் அது இன்னும் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும் என்பார். உப்பைத் தூவிப் பிசைந்தார். சோப்புப் போட்டார். மெஷின் எண்ணெயோடு கலந்து கறுத்துக் கிடந்த இடத்தில் புண் கழுவும் மருந்தை ஊற்றினார். அது நுரைத்து எழும்ப எழும்ப, அவர் கண்ணிலிருந்தும் ஏதோ வழிந்தது. மருந்து நெடியாக இருக்கும்.

கறை போன பிறகு வெட்டுப்பட்ட வட்டம் அவரைப் பார்த்தது. சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து, அதே துணியிலிருந்து நூல் உருவி, நெடுக்கும் குறுக்குமாக இழையோட்டி அதையும் மூடினார். இஸ்திரி போட்டு மாட்டியபோது, சட்டை கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் நின்றது. விரல்களைத்தான் அப்படித் தைத்து வைக்க முடியவில்லை.

அவர் அதை மாட்டிவிட்டு நிமிர்ந்த நேரத்தில் மொட்டை வந்தான். மகனுக்குப் பக்கத்து மெஷின்காரன்.

“பெரியவரே, கம்பெனி கையை விரிச்சிட்டான். விரல் போனது எங்ககிட்ட இல்ல, வீட்டுல சைக்கிள் சங்கிலியில மாட்டிகிட்டான்னு சொல்றான். மெஷினை நல்லாத் தேச்சுக் கழுவியாச்சு. கம்பித் தடுப்பும் பழையபடி ஏறி உக்காந்திருச்சு. பார்த்தவன் எல்லாம் பார்க்கலைங்கிறான்.”

“நீ?”

மொட்டை தரையைப் பார்த்தான். “எனக்கும் மூணு புள்ளைங்க, பெரியவரே.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆனா ஒண்ணை மறந்துட்டானுங்க. சட்டை! மூடி அளவுக்கு வட்டமா வெட்டியிருக்கு, ரத்தமும் எண்ணெயுமா இருக்கு. எந்தச் சைக்கிள் சங்கிலி மூடி அடிக்குது? விசாரணையில அதை விரிச்சுப் போட்டா வாயடைச்சுப் போவான். உங்க பையனுக்கு ஸ்டோர்ல உக்கார்ற வேலை குடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னா புண்ணு ஆறுனதும் அதே மெஷினுக்கு அனுப்பிருவான்.”

பச்சைத்தண்ணிக்குப் பாதிதான் ஏறியது. சட்டையைப் பற்றி யாரோ கேட்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக ஏறியது. உள்ளே போய் ஹேங்கரோடு கொண்டுவந்து நீட்டினார்.

“புதுசா?” என்றான் மொட்டை.

“புதுசா! அதே சட்டைதாம்பா. எங்க வெட்டுப்பட்டிருந்துச்சுன்னு கண்டுபிடி, பாப்போம்.”

மொட்டை கண்டுபிடிக்கவில்லை. உட்கார நாற்காலி தேடினான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற பாதியும் கிழவருக்கு ஏறியது.

“நான் வெந்நி ஊத்தத்தான் போனேன்” என்றாள் மருமகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

விசாரணைக்கு அந்தச் சட்டையையே கொண்டுபோனார்கள். வேறு கதி? கம்பெனி அதிகாரி தங்கமான மனிதர். கிழவருக்கு நாற்காலி போட்டார், மின்விசிறியைக் கூட்டிவைத்தார், டீ வரவழைத்தார்.

“இதுல ரத்தம் இருந்துச்சுங்க. நாந்தான் எடுத்தேன். இங்க வட்டமா வெட்டியிருந்துச்சு, அதையும் நாந்தான் அடைச்சேன்.”

“எங்கன்னு காட்டுங்க பெரியவரே.”

காட்டப் போனார். வலது கையைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒருவேளை இடதோ என்று அதையும் தடவினார். உள்பக்கம் திருப்பினார். அதிகாரி தன் பூதக்கண்ணாடியையே எடுத்துக் கொடுத்தார். நூல் உருவிய அடிமடிப்பைத் தேடினால், அதுவும் மடித்த இடம் தெரியாமல் மடிந்திருந்தது. டீ ஆடைகட்டியது. நாற்பது வருஷம் ஊரான் ரத்தத்தை எல்லாம் இல்லாமலாக்கிய கைகள், சொந்த மகனின் ரத்தம் இருந்த இடம் தெரியாமல் துணியில் அலைந்தன.

“உங்களுக்கே தெரியலையே” என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

“போதும்பா. விடுங்க” என்றான் மகன்.

அதிகாரி சட்டையைக் கீழே வைக்கவில்லை. விரலால் நீவிக்கொண்டே இருந்தார். “நீங்க சொல்றது நிஜம்னா, பெரியவரே, இது சாதாரணக் கைவேலை இல்ல. நம்ம ஆளுங்க சட்டையும் அப்பப்ப இப்படி ஆயிருது. வெளியில சலவைக்குப் போட்டா கறை சரியாவே போக மாட்டேங்குது. மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிறீங்களா?”

“அப்பப்ப ஆகுதா சார்?” என்றான் மகன். “அவங்க வீட்டுலயும் சைக்கிள் இருக்கோ?”

அதிகாரி நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்போல் சிரித்தார்.

பச்சைத்தண்ணி எழுந்து நின்றார். தன் தொழிலைப் பற்றி அவர் வாழ்நாளில் குறைத்துப் பேசியதில்லை. கூட்டித்தான் பேசியிருக்கிறார்.

“எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியாதுங்க” என்றார்.

“பரவாயில்ல” என்றார் அதிகாரி. “வேற வழி பார்த்துக்கிறோம்.”

வழி பார்த்தும்விட்டார்கள். மகனுக்குக் கட்டுப் பிரித்த வாரமே கம்பெனியிலிருந்து பொட்டலம் வந்தது. எல்லாருக்கும் புது யூனிஃபார்ம். சாம்பல் நிறம் போய், அடர்ந்த பழுப்பு. கூடவே, திங்கட்கிழமையிலிருந்து பழைய மெஷினுக்கே வர வேண்டும் என்று வாய்வழிச் செய்தி.

கிழவர் பழக்கதோஷத்தில் சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். துணியைக் கசக்கிப் பார்த்தார். நனைத்த விரலால் தேய்த்துப் பார்த்தார். நல்ல சாயம், ஒட்டவில்லை.

“எப்படி மாமா?” என்றாள் மருமகள்.

“எது பட்டாலும் தெரியாது” என்றார்.

திங்கட்கிழமை காலையில் மகன் அதை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். மிச்ச விரல்களுக்குப் பட்டன் இன்னும் படியவில்லை. விசாரணைக்குப் பிறகு அவன் அவரிடம் அதிகம் பேசியதில்லை.

“போட்டு விடுங்கப்பா. சங்கு ஊதிருவான்.”

அவர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டார். வலது கைப்பகுதி நீளமாக, மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. மெஷினில் இழுத்துக்கொள்ளுமே என்று அதை முழங்கைக்கு மேலே மடித்து, இன்னொரு தரம் மடித்து, இறங்காமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

“நேரமாச்சுப்பா” என்றான் மகன்.